சுப்பம்மா சொன்ன நெல்

எழுபத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம், தர்மபுரத்தில் சுப்பம்மா தன் தகப்பனைச் சாப்பிடக் கூப்பிட்டபோது அவளுடைய வாயிலிருந்து நெல் கொட்டியது. மொட்டைக்கறுப்பன் நெல், பதரில்லாமல் முற்றி விளைந்தது. அந்த மாதம் கிளிநொச்சிச் சந்தையில் மிளகாய் விலை விழுந்திருந்தது, காலம் தப்பிய மழையில் உழுந்து அழுகியிருந்தது. ஆகவே ஊர் இந்தச் சங்கதியை அவற்றுக்கு அடுத்த இடத்தில் வைத்துத்தான் பேசியது. தகப்பன் ஆண்டியப்பன் நிலத்தில் கிடந்ததில் ஒரு நெல்லைப் பொறுக்கிப் பல்லில் கடித்துப் பார்த்தார். மலையில் தேயிலைக் கொழுந்தைத் தவிர வேறு பயிர் அறியாத மனிதர். நெல்தானா என்று உறுதி செய்ய அடுத்த காணிக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அவர்கள் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் அடிபட்டு லொறியில் வந்தவர்கள். தகப்பன் சாரதியோடு முன்னுக்கு இருந்தார். பின்னால் சாமான்களோடும் சனத்தோடும், காய்ச்சலில் கிடந்த தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுப்பம்மா இருந்தாள். தர்மபுரத்தில் இறக்கும்போது தாய்க்கு உயிரில்லை. வந்து சேர்ந்த இடத்தில் போய்விட்டாளே என்று ஆண்டியப்பன் அழுதார். தாய் வழியில் மாங்குளத்திலேயே போய்விட்டாள் என்பது சுப்பம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் பிணத்தை றோட்டில் இறக்கிவிடுவார்கள் என்ற பயத்தில், குளிர்ந்துபோன நெற்றியைத் தடவித் தடவி, அம்மா தூங்குகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அதைத் தகப்பனிடம் சொல்ல வேண்டும், சொல்லி ஒருதரம் வாய்விட்டு அழ வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதற்கிடையில் நெல் கொட்டத் தொடங்கிவிட்டது.

கிணற்றடியில் தாகமென்று வந்த ஒரு கிழவிக்குத் தண்ணீர் வார்த்ததால் கிடைத்த வரம் என்று சிலர் சொன்னார்கள். அது பிள்ளைகளின் கதைப் புத்தகத்தில் வருகிற விசயம். அதில் அடக்கமாய்ப் பேசுகிறவளின் வாயிலிருந்து முத்து விழும், வாய்க்காரியின் வாயிலிருந்து தேரை விழும். சுப்பம்மா யாருக்காவது தண்ணீர் வார்த்ததைக் கண்டவர் ஊரில் இல்லை. வார்த்திருக்கவும் முடியாது, அந்தக் கிணற்றை அப்போதுதான் வெட்டிக்கொண்டிருந்தார்கள், இன்னும் தண்ணீர் காணவில்லை. அடக்கமான பிள்ளையும் இல்லை அவள். கூப்பன் கடையில் வரிசையை முந்தியவனைக் கிழி கிழியென்று கிழித்ததைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் நெல்தான் கொட்டியது, தேரை ஒன்றும் விழவில்லை. திட்டு வாங்கியவனே உடுத்திருந்த சாரத்தை ஏந்திக்கொண்டு நின்றான்.

செய்தி வட்டக்கச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வீரகத்தி என்பவர், இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் பாயும் காணிக்காரர். ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிக் காடு வெட்டிக் கழனியாக்கியவர். அவரும் மனைவி அன்னபாக்கியமும் அதுவரை மலைநாட்டுச் சனத்தைக் களை பிடுங்கவும் கதிர் அறுக்கவும்தான் கூப்பிட்டிருந்தார்கள். தேத்தண்ணீரைச் சிரட்டையில் கொடுத்து, அந்தச் சிரட்டையை வேலியில் கொளுவி வைக்கிற வீடு அது. அந்த வீட்டிலிருந்துதான், தங்கள் ஒரே மகன் தில்லைநாதனுக்குப் பெண் கேட்டு, வெற்றிலைத் தட்டத்தோடு ஆண்டியப்பனின் கொட்டிலுக்கு வந்தார்கள். அயலார் மூக்கில் விரல் வைத்தார்கள். நெல்லுக்கு ஏது சாதி என்று வீரகத்தி சொல்லிவிட்டார். வேலியில் கிடந்த சிரட்டைகளை அன்னபாக்கியமே கழற்றி அடுப்பில் போட்டாள். எழுபத்தொன்பதாம் ஆண்டு வைகாசியில் கலியாணம் நடந்தது. கதைப் புத்தகத்தில் ராசகுமாரன் குதிரையில் வந்து அவளைக் கட்டிக்கொண்டு போவதோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததை எவரும் எழுதுவதில்லை. எங்களுக்கு அது தெரியும் என்பதால் சொல்கிறோம்.

தில்லைநாதன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கை நீட்டாதவன், குடிக்காதவன், றேடியோவில் பாட்டுக் கேட்பவன். கலியாணம் முடிந்த கிழமை அவன் மனைவியிடம், "நீர் கதையும். உமக்கு என்னென்ன சொல்ல விருப்பமோ எல்லாத்தையும் சொல்லும். நான் கேக்கிறன்" என்றான். சுப்பம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. தோட்டத்து லயத்து வீட்டையும் பனியையும் தாயையும் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பாதியில்தான் கண்டாள், அவன் அவளுக்கு முன்னால் புதுப்பாய் விரித்திருந்தான். நெல் பாய்க்கு வெளியே சிதறாமல் ஓரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தினாள். அவன் பாயைப் பார்த்தபடியே, "ஓம், சொல்லும்" என்றான்.

இந்த இடத்தில் சூடடிக்கும் களத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வன்னியில் கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கிற களத்தில் சில சொற்களை வாயில் எடுக்கக்கூடாது. இல்லை என்று சொல்லக்கூடாது, முடிந்தது என்று சொல்லக்கூடாது, போதும் என்று சொல்லவே கூடாது. சொன்னால் பூதம் காத்திருந்து பொலியை, அதாவது குவித்த நெல்லை, அள்ளிக்கொண்டு போய்விடும். பெண்களைக் களத்துக்குள் விடுவதும் இல்லை. வீரகத்தி இந்த முறைகளில் மிகக் கண்டிப்பானவர். மருமகள் வாய் திறக்கிற இடமெல்லாம் பொலி விழுகிறதென்றால் குசினியும் களம்தான், விறாந்தையும் களம்தான், கிணற்றடியும் களம்தான் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து அந்த வளவுக்குள் எவரும் அந்தச் சொற்களைச் சொல்வதில்லை. பெண்ணைக் களத்தில் விடக்கூடாது என்ற முறையை என்ன செய்வது என்று அன்னபாக்கியம் கேட்டாள். களமே அவள்தானே, களத்தை எப்படி வெளியே நிறுத்துவது என்றார் வீரகத்தி. கெட்டிக்காரத்தனமான பதில் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் சாப்பிடப் போன விருந்தாளிகளின் பாட்டைச் சொல்லி மாளாது. போதும் என்று சொல்ல வழியில்லாமல் இலைக்கு மேல் கையை விரித்துக் காட்டுவார்கள். அன்னபாக்கியம் கையின் மேலேயே சோற்றைப் போட்டுவிடுவாள். வந்தவர்களுக்கு வயிறு வெடித்தது. சுப்பம்மாவின் நிலைமை அப்படிச் சிரிக்கக் கூடியதாக இருக்கவில்லை. அவள் பேசப் பேச நெல்லின் சுணை நாக்கை அரித்தது. உமி கீறிக் கீறி உதட்டோரம் இரண்டும் வெடித்து, ஆறி, மறுபடியும் வெடித்தது. போதும் என்ற சொல் அவளிடமிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. மற்றச் சொற்களை எல்லாம் தாராளமாய்ச் சொல்ல விட்டார்கள். எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் கோபம் வராது. ஒருநாள் பொறுக்க முடியாமல் மாமியாரைப் பார்த்து, "நீங்க ஒரு கல்நெஞ்சுக்காரி மாமி. ஒங்களுக்கு நல்ல கதியே வராது" என்று சொல்லிவிட்டாள். அன்னபாக்கியம் சுளகைச் சற்று நகர்த்திப் பிடித்து, "ஓம் பிள்ளை. கொஞ்சம் இஞ்சால திரும்பிச் சொல்லு" என்றாள்.

கிணற்றுக் கயிறு இற்றுப்போயிருக்கிறது, மாற்றுங்கள் என்று சொன்னாள். நெல்லை அள்ளினார்கள், கயிறு அறுந்து வாளி போனது. மாமா, உங்கள் கால்விரல் கறுக்கிறது, டொக்டரிடம் காட்டுங்கள் என்று மாதக்கணக்காகச் சொன்னாள். வீரகத்தி கடகத்தை ஏந்திக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு விரலை வவுனியா ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அள்ளிய நெல்லை எல்லாம் முற்றத்தில் இருந்த கொம்பறையில் கொட்டினார்கள். கொம்பறை என்பது தடியால் வரிந்து மண் பூசிக் கூரை வேய்ந்த நெற்கூடு. அதன் வாய் வரைக்கும் நெல் ஏறியது. அயலார் தங்கள் சண்டைகளை அவளிடம் தீர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். அவள் நியாயம் சொல்லி முடித்ததும் மடியை நிரப்பிக்கொண்டு, போகும் வழியில் அதே சண்டையைத் தொடர்ந்தார்கள். ஆட்களுக்குக் குறைவில்லாத வீடு அது. அதற்குள் அவள் தனியாக இருந்தாள். அவ்வளவு தனிமை காட்டுக்குள் காவல் பரணில் இருப்பவனுக்கும் கிடையாது. பின்னேரங்களில் வாய்க்கால் கட்டின் மேலே நடந்து தனக்குத்தானே பேசினாள். பின்னால் மயில்கள் பொறுக்கிக்கொண்டு வந்தன.

எண்பதாம் ஆண்டு மழை பொய்த்தபோது தகப்பனைப் பார்க்கத் தர்மபுரத்துக்குப் போனாள். ஆண்டியப்பன் மெலிந்து எலும்பும் தோலுமாய் இருந்தார். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் அவருக்கு முன்னால் இருந்து, "அப்பா, அம்மா இங்க வந்து சாகலப்பா. மாங்குளத்துலயே போயிட்டாங்க. நான்தான் சொல்லல" என்று தொடங்கினாள். அவருடைய கண் முதலில் அவள் முகத்தில்தான் இருந்தது. பிறகு வாய்க்கு இறங்கியது, வாயிலிருந்து தரைக்கு இறங்கியது. பசித்த மனிதரின் கண் அது, அதைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு சாக்கை எடுத்து வந்து விரித்தார். அவள் நிறுத்தவில்லை. லொறியின் குலுக்கத்தில் தாயின் தலை எப்படி ஆடியது, குளிர்ந்துபோன கையைத் தன் கைக்குள் எப்படி ஒளித்து வைத்தாள் என்று சாக்கு நிறையும் வரை சொன்னாள். கடைசியில் ஆண்டியப்பன் சாக்கின் வாயைக் கட்டி, "நல்லது தாயி, நல்லாருப்ப" என்றார். அந்த நெல்லைக் குத்தி அவர் அந்தப் பஞ்சத்தைத் தாண்டினார். சுப்பம்மா பஸ்ஸில் திரும்பி வரும்போது அழவில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொன்னால் நெல் விழும், பஸ்ஸில் சனம் நெருக்கியடிக்கும்.

அடுத்த வருடம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிவலட்சுமி என்று பேர் வைத்தவர் வீரகத்தி, என்ன நினைத்து வைத்தார் என்பதை விளக்கத் தேவையில்லை. குழந்தை அழுத முதல் அழுகைக்கு மருத்துவிச்சி துணியை விலக்கிப் பார்த்தாள், ஒன்றும் விழவில்லை. சொல்லுக்குத்தான் விழும், அழுகைக்கு விழாது, பொறுத்திருங்கோ என்று அன்னபாக்கியம் எல்லாரையும் சமாதானப்படுத்தினாள். சின்னச் சுளகு ஒன்று பின்னுவித்துக் கூரையில் செருகி வைத்தாள். பிள்ளை நடந்தது, ஓடியது, ஆனால் பேசவில்லை. ஊமையோ என்று ஊர் கேட்டது. ஊமை இல்லை. தாய் வாய் திறக்கும்போதெல்லாம் ஆட்கள் குனிவதைப் பிறந்த நாளிலிருந்து பார்த்த பிள்ளை அது. சுப்பம்மாவுக்கு அது விளங்கியது. என் பிள்ளையையும் என்னைப்போல ஆக்கப் போகிறார்கள், அதன் கதையைக் கேட்க ஒரு ஆளும் இருக்காது என்று அவள் பயந்தாள். அதை அவள் வீட்டாருக்குச் சொல்லவும் செய்தாள். அன்றைக்கு நெல் வழமையைவிடக் கூடுதலாக விழுந்தது என்று தில்லைநாதன் சந்தோசப்பட்டான்.

எண்பத்து மூன்றில் மறுபடியும் தெற்கிலிருந்து லொறிகளில் சனம் வந்து இறங்கியது. அடுத்த வருடம் விசயதசமிக்குப் பிள்ளைக்கு ஏடு தொடக்க நாள் வைத்தார்கள். ஏடு தொடக்குவதென்றால் தட்டத்தில் பச்சரிசியைப் பரப்பி, பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அதில் 'அ' எழுதுவிப்பார். பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மயில்வாகனம் வாத்தியார் காலையிலேயே வேட்டி சால்வையோடு வந்துவிட்டார். வந்து பார்த்தால் தட்டத்தில் அரிசி இருக்கவில்லை. தட்டமே இருக்கவில்லை. நிறைகுடத்துக்கும் குத்துவிளக்குக்கும் முன்னால் அந்தச் சின்னச் சுளகு வெறுமையாய் இருந்தது. எதில் எழுதுவது என்று வாத்தியார் கேட்டார். அன்னபாக்கியம், "பிள்ளை சொல்லட்டும் வாத்தியார். விழுகிறதிலை எழுதலாம்" என்றாள். வாத்தியார் சால்வையைச் சரிசெய்துகொண்டு அதற்கும் சம்மதித்தார். அயல் முழுவதும் கூடியிருந்தது. வாத்தியார் பிள்ளையை மடியில் இருத்தி, சொல்லு என்றார். எல்லாரும் குனிந்தார்கள். சிவலட்சுமி குனிந்த தலைகளை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாயைத் தேடினாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுப்பம்மா, "போதும்" என்றாள்.

நெல் விழவில்லை. ஒரு மணிகூட விழவில்லை. அதனால் அந்தச் சொல் வெறும் சொல்லாக விறாந்தை முழுவதும் கேட்டது. சுளகைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன. அந்த வளவில் அந்தச் சொல் விழுந்துவிட்ட பயத்தில் வீரகத்தி எழும்பப் போய்க் கால் தடுமாறி மறுபடி இருந்தார். அன்னபாக்கியம் மருமகளின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். "உன்ர வாயிலை என்ன பிள்ளை காயம்?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

சுப்பம்மா பதில் சொல்வதற்கிடையில் முற்றத்தில் சத்தம் கேட்டது. கொம்பறைக்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்கள். பூதம் முறை தவறாமல் பொலியை வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. அதற்கு நெல்தான் வேண்டும். சொல் வேண்டாம், அதை விட்டுவிட்டுப் போய்விட்டது. வெறுங் கொம்பறைக்குள் சுப்பம்மாவின் குரல், சொன்ன ஒழுங்கிலேயே, கலியாணமான முதல் கிழமையிலிருந்து பேசிக்கொண்டிருந்தது. லயத்தையும் பனியையும் சொல்லியது. கிணற்றுக் கயிறு இத்துப்போச்சு என்றது. மாமா ஒங்க வெரல் கறுக்குது, பயமா இருக்குது, டாக்டர்கிட்ட காட்டுங்க என்றது. வீரகத்தி முற்றத்து மண்ணில் குந்தி இருந்து, விரலில்லாத காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

சுப்பம்மா உள்ளே போய் உடுப்புகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து வெளியே வந்தாள். தில்லைநாதன் படலைக்குக் குறுக்கே நின்று, எங்கே போகிறீர், ஏன் போகிறீர் என்று கேட்டான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் அவளிடம் பதில் வேண்டிக் கேட்ட முதல் கேள்வி அது. "இத்தன வருஷமா அதத்தானேங்க சொல்லிக்கிட்டு இருந்தேன். கொம்பறைக்குள்ள கேளுங்க" என்றாள். அவன் விலகி வழிவிட்டான்.

முதலில் தர்மபுரத்தில் இறங்கினாள். நெல் விழாத வாயால் தகப்பனிடம் லொறியையும் மாங்குளத்தையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஆண்டியப்பன் கிழவனாகிவிட்டிருந்தார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஏந் தாயி இத அப்பவே எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். "சொன்னேம்ப்பா" என்றாள் சுப்பம்மா. இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள், ஏழு வருடம் பிந்தினாலும் அது நல்ல அழுகைதான். அங்கேயே இருக்கச் சொன்னார் தகப்பன். வட்டக்கச்சிக்கும் தர்மபுரத்துக்கும் பஸ் ஓடுகிறது, சுளகோடு வந்து நிற்பார்கள் என்று அவள் மறுத்துவிட்டாள். இன்னும் கிழக்கே தள்ளி உடையார்கட்டில் தாயின் ஒன்றுவிட்ட தங்கை ராக்காயி இருந்தாள், புருசனை இழந்தவள், கூலிக்கு மிளகாய்த் தோட்டம் கொத்துகிறவள். அவளோடு போய்ச் சேர்ந்தாள்.

தில்லைநாதன் கொம்பறைக்குப் பக்கத்தில் மரக் கதிரையைப் போட்டு அதில் இருந்து கேட்கத் தொடங்கினான். குரல் சொல்லி முடித்தால் திரும்பவும் முதலிலிருந்து சொல்லும். றேடியோவை விற்றுவிட்டான். இந்திய ஆமி வந்த காலத்தில் வளவைச் சோதனை போட்டவர்கள் கொம்பறைக்குள் ஆள் ஒளிந்திருக்கிறது என்று துவக்கை நீட்டித் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஆளில்லை. அவர்களில் மதுரைப் பக்கத்துப் பெடியன் ஒருவனுக்கு அவளுடைய பேச்சு எங்களைவிட நன்றாக விளங்கியது. தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்டான். எண்பத்தொன்பதிலும் தில்லைநாதன் அங்கேதான் இருந்தான். இப்போது மனைவியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. போய்க் கூட்டிவரலாமே என்று அயலார் சொன்னால், இன்னும் கேட்டு முடியவில்லை என்பான்.

உடையார்கட்டில் சுப்பம்மாவின் வாயிலிருந்து நெல் விழவில்லை. ஆகவே மற்றவர்களைப் போலவே பசி இருந்தது. எண்பத்தைந்து பங்குனியில் ஷெல் அடிக்குப் பயந்து தோட்ட வேலையும் நின்றது. ஒருநாள் மத்தியானம், அடுப்பு மூட்ட விறகிருந்தும் உலையில் போட அரிசி இல்லாமல் இருந்தபோது, சிவலட்சுமி வேலிப்பக்கமிருந்து ஓடிவந்து, தாயின் முன்னால் மூச்சு வாங்க நின்று பேசினாள். அதுதான் அவளுடைய முதல் பேச்சு. "அம்மா, அங்கிட்டு ஒரு ஆட்டுக்குட்டி. கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. கொரங்கு அதோட முதுகுல ஏறிக்கிச்சு." நெல் கொட்டியது. மொட்டைக்கறுப்பன்தான். பிள்ளையின் காலடியில் குவிந்தது. ராக்காயி ஐயோ என்று சுளகுக்கு ஓடினாள். சுப்பம்மா அவளைப் பாராமலே கையை நீட்டி மறித்தாள். சுப்பம்மாவுக்கும் முந்தின நாளிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. ஆண்டியப்பனுடைய கண் எப்படி இறங்கியது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உள்ளுக்குள்ளிருந்து விளங்கியது. கண்ணைப் பிள்ளையின் முகத்திலேயே பிடித்து வைத்திருப்பது பாரமான வேலையாக இருந்தது. வாய்க்குக்கூட இறங்க விடாமல் பிடித்து வைத்திருந்தாள். அப்புறம், என்று கேட்டாள். பிள்ளை தாயின் கண்ணை உற்றுப் பார்த்தது, கொஞ்ச நேரம் பார்த்தது, பிறகு சொல்லிக்கொண்டே போனது. கோழிகள் வந்து பொறுக்கின.

சொல்லிக் களைத்துப் பிள்ளை விளையாட ஓடிய பிறகு, கோழி விட்டதை ராக்காயி கூட்டி அள்ளி, உரலில் குத்திப் புடைத்துக் கஞ்சி காய்ச்சினாள். அதில் ஒரு பிழையும் இல்லை, நெல் என்றால் சாப்பிடத்தான். சிவலட்சுமி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வகுப்பில் அவளிருக்கும் வாங்குப் பலகைக்குக் கீழே புறாக்கள் வந்து போகின்றன, உடையார்கட்டில் அதை எவரும் புதினமாய்ப் பேசுவதில்லை. ஆனால் அந்த முதல்நாள் மூன்று பேரும் அடுப்படியில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, சுப்பம்மா பாதியில் கோப்பையை வைத்துவிட்டு மகளைப் பார்த்து, அந்த ஆட்டுக்குட்டி பிறகு அதன் தாயிடம் திரும்பிப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டாள்.